'வாங்க' படித்தவர்

'வாங்க' என்ற ஒரே ஒரு சொல்லைக் கற்றுக்கொள்வதற்காகச் குடும்ப நிலத்தை ஒத்திக்கு வைத்த மனிதர் உலகத்திலேயே எங்கள் வாங்கண்ணன் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். நமக்கெல்லாம் அது தாய்ப்பாலோடு ஓசியில் வந்தது. அவர் மெட்ராஸுக்குப் போய், கேட்டரிங் காலேஜில் மூன்று வருஷம் படித்து, பட்டத்தோடு வாங்கி வந்தார்.

எழுபதுகளின் கடைசியில் காளவாசலில் ஒரு லாட்ஜில் நான் மாத வாடகைக்குக் குடியிருந்தேன். அங்கே வரவேற்பு மேஜைக்குப் பின்னால் இருந்தவர்தான் அண்ணன். பெற்றவர்கள் வைத்த பெயர் எதுவோ, யாருக்கும் தெரியாது. மதுரை வெயிலில் கழுத்தை இறுக்கி டை கட்டியிருப்பார். வாசலில் நிழல் விழுந்தால் போதும், எழுந்து, கைகூப்பி, இடுப்பை லேசாக வளைத்து, "வாங்க சார், வணக்கம். பயணம் சௌகரியமா இருந்துச்சா?" என்பார். எதிர்க் கடையில் வெற்றிலை வாங்கித் திரும்பியவனுக்கும் இதே விசாரிப்புதான்.

ஒருமுறை குழாய் திருட வந்தவனையும் இப்படித்தான் வரவேற்றார். உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்து, மாடியில் காற்று நன்றாக வரும் என்றும் சொல்லி அனுப்பினார். அவன் மாடிக் குழாய்கள் அத்தனையையும் கழற்றிக்கொண்டு போய்விட்டான். முதலாளி தலையில் அடித்துக்கொண்டார்.

"இல்லண்ணே, நல்ல மனுசன். டம்ளரத் திருப்பிக் குடுத்துட்டுத்தான் போனான்" என்றார் வாங்கண்ணன்.

மாதம் ஒருமுறை கொட்டாம்பட்டிப் பக்கத்திலிருந்து அவருடைய அய்யா பஸ் ஏறி வருவார். காலமெல்லாம் அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்து, வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி வாங்கிய துண்டு நிலம் அது. மகன் படிப்புக்காக ஒத்திக்குப் போய், இப்போது பணம் கொடுத்தவர் அதில் கடலை போட்டுக்கொண்டிருந்தார். பெரியவர் லாட்ஜுக்குள் கால் வைக்க மாட்டார். எதிரே வேப்பமரத்தடியில் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்பார். அண்ணன்தான் போய்ப் பேசுவார். நாங்கள் மாடி வராந்தாவில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்போம்.

"மூணு வருசம் அப்படி என்னதான்டா சொல்லிக் குடுத்தாய்ங்க?"

"வாரவுகள எப்படி வரவேற்கணும்னுய்யா."

"எப்படி வரவேற்கணுமாம்?"

"வாங்கன்னு சொல்லணும்."

பெரியவர் பக்கத்துக் கடையைக் காட்டினார்.

"அந்தா பரோட்டா அடிக்கிறானே, அவன் எந்தக் காலேசு?"

"அவன் படிக்கலைய்யா."

"சம்பளம் எம்புட்டாம்?"

அண்ணன் வாய்க்குள் முனகினார். அது அவருடையதைப்போல இரண்டு பங்கு.

"பாத்துக்க. அவன் வாங்குறான். நீ வாங்க வாங்கன்னு சொல்லிக்கிட்டே இருக்க. நம்ம நெலம் எப்படா திரும்பும்?"

பட்ட காலிலே படும் என்பார்கள். அந்தச் சமயம் பார்த்து, திருமங்கலத்தில் முதலாளியின் பெரியப்பா காலமானார். லாட்ஜே திரண்டு போனது. துக்க வீட்டில் யாரையும் 'வாங்க' என்று அழைப்பதில்லை. கிளம்புகிறவர்கள் 'போயிட்டு வாரேன்' என்று சொல்லிக்கொள்வதும் இல்லை. நண்டு சிண்டுக்கும் தெரிந்த வழக்கம். ஆனால் பந்தலைக் கண்டதும் அண்ணனுக்குள் இருந்த பட்டதாரி விழித்துக்கொண்டார். வாசலில் நின்று, வந்தவர்களை எல்லாம் "வாங்க சார், வாங்க!" என்று பல் தெரிய வரவேற்றார். அது போதாதென்று, திரும்பியவர்களிடம், "அவசியம் மறுபடியும் வரணும்" என்றார்.

"எவன்டா இவன்? அடுத்து யாரத் தூக்கணுங்குறான்?" என்று பங்காளிகள் வேட்டியை மடித்துக் கட்டினார்கள். நாங்கள் அண்ணனைக் காரில் திணித்துத் தப்பினோம். முதலாளி அந்த மாதச் சம்பளத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டார். மேஜையை விட்டு அசையக்கூடாது என்றும் உத்தரவு.

அந்த மாதமும் பெரியவர் வந்தார். வேப்பமரத்தடியில் நின்று நின்று பார்த்தார். மகன் வரவில்லை. கடைசியில் செருப்பை வெளியே கழற்றிவிட்டு, லாட்ஜுக்குள் தயங்கித் தயங்கி வந்தார். நான் முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் குனிந்து சாவிகளை மாட்டிக்கொண்டிருந்தார். நிழல் விழுந்ததும் உடம்பு தானாக எழுந்தது.

"வாங்க சார், வணக்கம். பயணம் சௌகரியமா இருந்துச்சா?"

பெரியவர் திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தார். அங்கே யாருமில்லை.

"யாரச் சொன்ன?"

அண்ணனுக்கு அப்போதுதான் முகம் தெரிந்தது. "ஒங்களத்தான்யா. உக்காருங்க."

பெரியவர் உட்காரவில்லை. "இம்புட்டு வயசுக்கும் என்னைய ஏய் வாடான்னுதான் கூப்புட்டாய்ங்க. வாங்கன்னு ஒருத்தன் சொல்லிக் கேட்டதில்ல" என்றார். சொல்லிவிட்டு விறுவிறுவென்று வெளியே போனார். கோபித்துக்கொண்டார் என்றே நினைத்தோம்.

அவர் தெருவில் நின்றார். கக்கத்துத் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு, நிமிர்ந்து, மறுபடியும் உள்ளே வந்தார்.

அண்ணன் எழுந்தார். கைகூப்பினார். இடுப்பை வளைத்தார். "வாங்க சார், வணக்கம். பயணம் சௌகரியமா இருந்துச்சா?"

"சௌகரியந்தான்" என்று சொல்லி, சோபாவில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார் பெரியவர். "நெலம் மெதுவாத் திரும்பட்டும்டா."

அந்தப் படிப்பு லாபமா நஷ்டமா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் இன்றைக்கும் எந்த லாட்ஜுக்குள் நுழைந்தாலும் வாசலில் கொஞ்சம் தயங்கி நிற்கிறேன். அண்ணன் குரல் கேட்டால் உள்ளே போகலாம் என்று இருக்கிறது.