பத்து வார்த்தையும் ஒரு சாய்வு நாற்காலியும்

இனி இந்த வீட்டில் நான் யாருக்கும் பணிந்து போவதாக இல்லை. இதை உரக்கவே சொன்னேன். அப்போது மனைவி குளித்துக்கொண்டிருந்தாள் என்பது வேறு விஷயம்.

விவகாரம் இதுதான். எங்கள் மகளுக்கு ஒன்றரை வயது. அவளுக்குத் தெரிந்தவை இரண்டே வார்த்தைகள். ஒன்று 'அம்மா'. இன்னொன்று 'வேணாம்'. அதை என்னைப் பார்க்கும்போது மட்டும் சொல்வாள். வேலை பார்க்கும் கிடங்கில் ஆறாயிரம் சாமான்களின் பெயரை மனப்பாடமாக ஒப்பிக்கிறவன் நான். நான் பெற்ற பிள்ளைக்கு இந்தக் கதியா?

மனைவி தலை துவட்டிக்கொண்டு வந்ததும் சவால் விட்டேன்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள வீட்டுச் சாமான் பத்துக்கு அவளைப் பேர் சொல்ல வைக்கிறேன்."

"வைக்கலைன்னா?"

"சாய்வு நாற்காலி உனக்கு. வச்சுட்டா ஆயுசுக்கும் எனக்கு. அப்புறம் அதுல நீ துணி மடிச்சு வைக்கக் கூடாது."

வீட்டில் இருப்பது ஒரே சாய்வு நாற்காலி. கல்யாணமான நாளிலிருந்து இரண்டு பேரும் அதற்கு உரிமை கொண்டாடி வருகிறோம்.

"சரி," என்றாள். அவள் அவ்வளவு சீக்கிரம் சரி சொன்னபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

திங்கட்கிழமை துடைப்பத்தை உயர்த்திப் பிடித்து, "துடைப்பம்" என்றேன். மகள் கொட்டாவி விட்டாள்.

"சும்மா தூக்கிக் காட்டினா குழந்தைக்கு என்னங்க புரியும்? அது எதுக்குன்னு தெரிய வேணாமா?" என்றாள் மனைவி.

நியாயம்தான். கிடங்கிலும் புது ஆளுக்கு வேலையைச் செய்து காட்டித்தான் பழக்குவோம். பெருக்கிக் காட்டினேன்.

"மூலையை விட்டுட்டா அவளும் அரைகுறையாத்தானே கத்துக்குவா?"

மூலையையும் பெருக்கினேன். குழந்தைக்கு நன்றாகத் தெரிய வேண்டுமே என்று அவளை மடியில் வைத்துக்கொண்டு மனைவி சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தாள். பாடத்துக்காக அதையும் பொறுத்துக்கொண்டேன்.

செவ்வாயன்று வாளி. வீடு முழுக்கத் தரை துடைத்தேன். புதனன்று வாணலி. அடிப்பிடித்ததைச் சுரண்டித் தேய்த்தேன். சனிக்கிழமை ஒட்டடைக்கோல் வரை வந்துவிட்டோம். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், விருந்தாளி யாராவது வர்றாங்களா?"

"பாடம் நடக்குது சார்," என்று நிமிர்ந்து நின்று சொன்னேன். தலையெல்லாம் ஒட்டடை.

ஞாயிற்றுக்கிழமை பரீட்சை. மனைவியே துடைப்பத்தை எடுத்துக் காட்டினாள். மகள் அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். வாய் நிறையச் சிரித்து, "அப்பா" என்றாள்.

பிறந்ததிலிருந்து முதல் தடவை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பொய் சொல்வானேன்?

அடுத்து வாளி. "அப்பா." வாணலி. "அப்பா." ஒட்டடைக்கோலைக் கண்டதும் கைதட்டிக்கொண்டு, "அப்பா, அப்பா."

"எது யாரோடதுன்னு தெளிவாக் கத்துக் குடுத்திருக்கீங்க," என்றாள் மனைவி.

"இரு. இன்னும் ஒண்ணு பாக்கி." விடாமல் சாய்வு நாற்காலியைக் காட்டினேன்.

மகள் யோசிக்கக்கூட இல்லை. "அம்மா."

இந்தத் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். தோற்கவில்லை, தோற்கவும் மாட்டேன் என்று நாற்காலியில் சாய்ந்திருந்த மனைவியின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன்.

"ஆமாங்க," என்று அவள் கால் இரண்டையும் தூக்கிக்கொண்டாள். "அடியிலயும் பெருக்கிடுங்க."