தட்டு மாற்றிய தீவு

உலகத்தில் நடக்கிற சண்டை எல்லாமே சம்பந்திச் சண்டைதான் என்று நம்பிய ஒரே அரசு அதிகாரி எங்கள் ‘சம்பந்தி’ சார். தில்லிக்கு வரும் வெளிநாட்டு விருந்தாளிகளை வரவேற்று உட்கார வைக்கிற அலுவலகத்தில் எனக்கு மேலே இருந்தவர். சொந்தப் பெயர் சம்பளப் பிரிவுக்கு மட்டும்தான் தெரியும்.

லோதி ரோடு குவார்ட்டர்ஸில் கார் நிறுத்தும் இடத்துக்காக இரண்டு பஞ்சாபிகள் அடித்துக்கொண்டால், நடுவில் புகுந்து, “அச்சா, இதுல யாரு பிள்ளையாத்துக்காரா?” என்று தமிழிலேயே விசாரிப்பார். அவர்கள் சண்டையை விட்டுவிட்டு இவரை முறைப்பார்கள். “பாத்தீரா, ஒத்துமை வந்துடுத்து” என்பார் என்னிடம்.

அப்படிப்பட்டவரிடம் ஒரு தீவு வந்து மாட்டியது.

தீவின் பெயர் வேண்டாம். இரண்டு தரப்பும் கோபித்துக்கொள்ளும். நெடுங்காலமாக அதைப் பிடித்து வைத்திருந்த ஐரோப்பிய நாடு திருப்பிக் கொடுக்கச் சம்மதித்திருந்தது. பொது இடம் என்று இரண்டு தரப்பும் தில்லிக்கு வந்திருந்தார்கள். சாணக்யபுரியில் ஒரு விருந்தினர் மாளிகையில் பேச்சுவார்த்தை. தீவுக்காரர்களின் தலைவி ஒரு வயதான அம்மாள். சிறுமியாக இருந்தபோது குடும்பத்தோடு கப்பலேற்றி விரட்டப்பட்டவர். தீவு கைக்கு வந்தால்தான் அவர் ஊர் திரும்ப முடியும்.

எல்லாம் பேசி முடித்து, கடைசியில் முட்டிக்கொண்டது. தீவைக் கொடுக்கும் பத்திரம் முதலில் வரட்டும் என்றார் அம்மாள். துறைமுகத்தை நாங்கள் உபயோகிக்க அனுமதிப் பத்திரம் முதலில் வரட்டும் என்றார் வெள்ளைக்காரத் தலைவர். முதலில் கொடுத்தவர் ஏமாளி என்று இருவருக்கும் பயம். பெட்டி கட்டவே ஆரம்பித்துவிட்டார்கள். அம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சம்பந்தி சார் என் காதைக் கடித்தார். “ஜல்தி. கிச்சன்ல ரெண்டு வெள்ளித் தட்டு வாங்கிண்டு வாரும்.”

“எதுக்கு சார்?”

“நிச்சயதார்த்தத்துல யாரு ஓய் முதல்ல தட்டைக் குடுக்கறா? ரெண்டு பேரும் நின்னுண்டு ஒரே நேரத்துல மாத்திக்கறா. ஒருத்தரை ஒருத்தர் நம்பாதவாளுக்குன்னே பண்ணின ஏற்பாடு அது.”

எங்கள் ஊர்க் கல்யாண நிச்சயம் இப்படித்தான் என்று சொல்லி இரு தலைவர்களையும் எதிரெதிரே நிற்க வைத்தார். தட்டுக்கு ஒன்றாகப் பத்திரங்களை வைத்தார். பக்கத்தில் ஆப்பிள். வெற்றிலைக்குப் பதில் பான்வாலா பையாவிடம் வாங்கிய மீட்டா பான். கெட்டிமேளத்துக்கு ஆள் இல்லாததால் என்னை மேஜையைத் தட்டச் சொன்னார். தட்டினேன். மாற்றிக்கொண்டார்கள்.

பான் மென்றுகொண்டே வெள்ளைக்காரர் சிரித்தார். “அப்படியானால் நான்தான் பெண்ணைக் கட்டிக் கொடுப்பவனா?”

“இல்லை ஐயா. பெண் பிறந்த வீட்டுக்குத் திரும்பிப் போகிறாள்” என்றார் சம்பந்தி சார், தன் கும்பகோணத்து இங்கிலீஷில். அந்த அம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டார்.

அம்மாள் ஊருக்குக் கிளம்பும்போது கார் கதவைப் பிடித்துக்கொண்டு, “போய்ச் சேந்ததும் ஒரு போன் பண்ணும்மா” என்றார் சார். தமிழில்தான். அது எப்படியோ புரிந்து, தீவில் கால் வைத்த அன்று போனும் வந்தது. கொஞ்சம் கேட்டுவிட்டு சார் ரிசீவரை என்னிடம் நீட்டினார். வாங்கிக் கேட்டால் ஒரே அலைச் சத்தம்.

சம்பந்தி சாருக்குக் குழந்தை கிடையாது. சொந்த வீட்டில் ஒரு தட்டுகூட மாற்றிக்கொள்ள அவருக்கு வாய்க்கவில்லை. இப்போது என் பெண்ணுக்கு வரன் பார்க்கிறோம். வீட்டில் எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்க்கிறார்கள். நான் மட்டும் இப்படி ஒரு சம்பந்தி கிடைப்பாரா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.