நாலு ஓட்டைப் பெட்டி

மனைவியை மேடையில் பாட விடக்கூடாது என்று ராஜவேல் முடிவெடுத்தான். அவள் மோசமாகப் பாடுவாள் என்பதற்காக அல்ல. நன்றாகப் பாடுவாள் என்பதற்காக.

ராஜவேலுக்கு பனியன்களுக்கு லேபிள் அச்சடிக்கும் தொழில். ஞாயிற்றுக்கிழமை வந்தால் திருப்பூர் கல்யாண வரவேற்புகளில் கச்சேரி செய்யும் மெல்லிசைக் குழுவின் தலைவன், அதன் ஒரே பாடகனும்கூட. கவிப்பிரியா சமையலறையில் பாடினால் பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைப்பார்கள். அவன் பாடினால் கூட்டுவார்கள்.

ஒரு நாள் அவள் கேட்டேவிட்டாள், அவினாசி ரோட்டு மண்டபக் கச்சேரியில் தானும் பாடட்டுமா என்று. ராஜவேல் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு ஆடியோ இன்டர்ஃபேஸைக் காட்டினான். மைக், வாத்தியம் எல்லாவற்றின் சத்தத்தையும் லேப்டாப்புக்குள் கொண்டுபோகிற பெட்டி அது. நாலே ஓட்டை. அவன் வாசிக்கிற கீபோர்டு, தபலா, புல்லாங்குழல், அவனுடைய மைக்.

"எடமே இல்லீன்னா நான் என்ன பண்றது கவி?"

சரி என்று போய்விட்டாள். மறுவாரம், எதிர்வீட்டுப் பாட்டு டீச்சர் தமிழ்மதியின் வீட்டில் எட்டு ஓட்டைப் பெட்டி ஒன்று சும்மா கிடப்பதாக அவனிடம் வந்து சொன்னாள். ஒரே மூச்சில் அவனுடைய சாக்கில் எட்டு ஓட்டை விழுந்தது.

ராஜவேல் அசரவில்லை. அந்தப் பெட்டி தனியாக லேப்டாப்பில் சேராது, ரெண்டு பெட்டியைச் சேர்த்து ஓட்டவே முடியாது என்றான். ஒவ்வொன்றுக்குள்ளும் தனித்தனிக் கடிகாரம் ஓடும். ஒன்று மயிரிழை முந்தும், ஒன்று பிந்தும். நல்ல இடத்தில் படக் படக்கென்று வெடிக்கும். மாப்பிள்ளை வீட்டார் எழுந்து ஓடுவார்கள்.

கவிப்பிரியா ஏற்றுமதிக் கம்பெனியில் ஆர்டர் பேசி முடிக்கும் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டு வியாபாரிகளைப் பேசவிட்டே வேண்டியதை வாங்கிவிடுகிறவள். காபியை ஆற்றி அவன் கையில் கொடுத்து, எதிரே உட்கார்ந்தாள்.

"இதெல்லாம் உங்களுக்கு எப்படீங்க தெரியும்? கேக்கவே ஆச்சரியமா இருக்குதுங்க. அப்ப பெரிய கச்சேரியில எல்லாம் என்னங்க பண்ணுவாங்க?"

கல்யாணமானதிலிருந்து அவள் கண்கள் இப்படி விரிந்து அவன் பார்த்ததில்லை. உருகிப் போனான். அதற்கென்று மெல்லிய ஆப்டிகல் கேபிள் இருக்கிறது என்றான். அதை ஒரு பெட்டியிலிருந்து மற்றதற்குச் செருக வேண்டும். முதல் பெட்டியின் கடிகாரத்தையே ரெண்டாவதும் பின்பற்றும்படி வைக்க வேண்டும். லேப்டாப்பில் ரெண்டையும் ஒரே பெட்டியாகச் சேர்த்துவிட வேண்டும். எந்த இடத்தில் எதைத் தட்டுவது என்பதுவரை, கேட்காததையும் சேர்த்துச் சொல்லி முடித்தபோது காபி ஆறிப் பச்சைத் தண்ணீராகியிருந்தது.

கச்சேரி அன்று லேபிள் டெலிவரியை முடித்துவிட்டு அவன் மண்டபத்துக்குப் போனால், மேடையில் ஒன்றின் மேல் ஒன்றாக ரெண்டு பெட்டி. நடுவே கேபிள். தபலாவுக்கு ரெண்டு மைக், புதிதாக ஒரு வயலின், அதற்குப் பக்கத்தில் கவிப்பிரியாவின் மைக். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரே ஒரு படக் கேட்காதா என்று காத்திருந்தான். பிளீச்சிங் முடிந்த துணி மாதிரி சத்தம் சுத்தமாக இருந்தது.

முதல் ரெண்டு பாட்டு அவனுடையது. கூட்டம் பந்திக்குக் கிளம்பியது. பிறகு அவள் ஆரம்பித்தாள். கை கழுவப் போனவர்கள் ஈரக்கையோடு திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். அவள் குரல் உச்சத்துக்கு ஏறிய இடத்தில் ராஜவேலின் விரல்கள் கீபோர்டில் அப்படியே நின்றுவிட்டன. புல்லாங்குழல்காரர் முழங்கையால் இடித்த பிறகுதான் வாசித்தான். ஜோடிப் பாட்டு வந்தபோது லேப்டாப்பில் தன் குரலைக் கொஞ்சம் இறக்கி, அவள் குரலை ஏற்றிவிட்டான். யாரும் சொல்லி அவன் அதைச் செய்யவில்லை.

முடிந்ததும் மாப்பிள்ளையின் பெரியப்பா, மில் அதிபர் திருமூர்த்தி, மேடையேறி அவளுக்குச் சால்வை போர்த்தினார். அடுத்த மாதம் தங்கள் மில் விழாவுக்கும் கட்டாயம் வரவேண்டும் என்றார். அப்புறம்தான் ராஜவேலைப் பார்த்தார்.

"தம்பி யாருங்க?"

ராஜவேல் தொண்டையைச் செருமினான். கவிப்பிரியா முந்திக்கொண்டாள்.

"எங்க ஊட்டுக்காரருங்க. பொட்டி ரெண்டையும் அவருதானுங்க தூக்கிட்டு வருவாரு."