நாலாந்தறி வாசித்த டிரம்

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த டிரம்மில் ஊமையாகிப்போன மூன்றாவது பேடை நான் முதல் நாள் மத்தியானமே சரி செய்துவிட்டேன். இந்தக் கதையை எங்கள் வீட்டில் யார் சொன்னாலும் அதை மட்டும் லாகவமாக விட்டுவிடுவார்கள். மிச்ச நாட்களில் நடந்ததைத்தான் விலாவாரியாகச் சொல்லிச் சிரிப்பார்கள். அதனால்தான் நானே எழுத உட்கார்ந்தேன்.

எண்பதுகளின் கடைசி. எனக்கு இருபத்திரண்டு வயது. சேலத்தில் ஒரு வருடம் ரேடியோ மெக்கானிக் பயிற்சி முடித்துவிட்டு, சட்டைப் பையில் டெஸ்டரைக் குத்திக்கொண்டு (தூங்கும்போது மட்டும் கழற்றி வைப்பேன்) பள்ளிபாளையத்தில் திரிந்துகொண்டிருந்தேன். எங்கள் வீட்டை ஒட்டியே அப்பாவின் தறிக்கூடம். எட்டு விசைத்தறி. அந்த எட்டையும் கட்டி மேய்க்கத்தான் ஆண்டவன் என்னைப் படைத்தான் என்பது அப்பாவின் கட்சி. ரிப்பேர் கடை வைக்கத்தான் படைத்தான் என்பது என் கட்சி. வாக்குவாதம் முற்றி, அப்பா ஒரு நிபந்தனை போட்டார். வெளியாள் யாராவது என்னை நம்பி ஒரு சாமானைக் கொடுக்க வேண்டும், நான் அதைச் சரி செய்ய வேண்டும், அது நாலு பேர் முன்னால் ஒழுங்காக ஓடுவதை அவர் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்தால் கடை. இல்லையென்றால் அடுத்த மாதம் முதல் தறி.

என் நல்ல நேரம், ஆரோக்கியம் அண்ணன் வந்தார். சேலத்தில் எங்கள் பயிற்சிக்கூடத்துக்குக் கீழே தையற்கடை வைத்திருந்தவர். மாதா கோயில் பாட்டுக்குழுவில் டிரம் வாசிப்பார். அவருடைய மச்சான் சிங்கப்பூரிலிருந்து ஒரு எலக்ட்ரானிக் டிரம் கொண்டுவந்து கொடுத்திருந்தார். கறுப்பு ரப்பர் ஒட்டிய நான்கு பலகைகள். அவற்றைப் பேட் என்பார்கள். ஒவ்வொரு பேடிலிருந்தும் ஒரு வயர் ஒரு பெட்டிக்குப் போகும். குச்சியால் பேடைத் தட்டினால் பெட்டி ஸ்பீக்கர் வழியாகச் சத்தம் கொடுக்கும். இதில் மூன்றாவது பேட் மட்டும் ஊமையாகிவிட்டது. சனிக்கிழமை பங்குத் திருவிழா, மேடையில் முதல் கச்சேரி. சேலத்து மெக்கானிக்குகள் யாரும் தொட மாட்டேன் என்றுவிட்டார்களாம்.

"சனிக்கிழமைக்குள்ள பேச வெச்சிடுவீங்களா தம்பி?" என்றார். நாளைக்கே பேசும் என்றேன். அன்று திங்கட்கிழமை.

இப்போது என் பெருமையைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். எல்லாவற்றையும் வீட்டுக் கூடத்தில் கயிற்றுக் கட்டிலின் மேல் பரப்பினேன். இரண்டாவது பேடின் வயரை மூன்றாவதில் மாட்டிப் பார்த்தேன். ஊமைதான். மூன்றாவதின் வயரை இரண்டாவதில் மாட்டினேன். பேசியது. ஆக வயர் நல்லது, பெட்டி நல்லது, கோளாறு பேடுக்குள்ளே. உயிர் கொஞ்சமாவது இருக்கிறதா என்று பார்க்க, பெட்டியின் முதுகில் இருந்த நான்கு குமிழ்களையும் கடைசிவரை திருகினேன். எவ்வளவு மெல்லத் தட்டினாலும் பெட்டிக்குக் கேட்கவைக்கும் குமிழ்கள் அவை. பிறகு மூன்றாவது பேடைத் திறந்தேன். உள்ளே சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு பித்தளை வில்லை. தட்டுவதை உணர்வது அதுதான். அதிலிருந்து தலைமுடி கனத்தில் ஒரு வயர் விட்டுப்போயிருந்தது. சூடு அதிகமானால் வில்லையே செத்துப்போகும் என்பதால் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே தொடலில் பற்றவைத்தேன். மூடினேன். விரல் நுனியால் தொட்டேன். கணீரென்று பேசியது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். சேலமே கைவிட்டதை நான் சாப்பாட்டு நேரத்துக்குள் முடித்திருந்தேன்.

அத்தோடு மூட்டை கட்டி வைத்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. அப்பா பார்க்க வேண்டுமே. என்னுடைய வேலை மேசை வீட்டையும் தறிக்கூடத்தையும் பிரிக்கும் சுவரில் ஆணி அடித்து நிறுத்தியது. அதன் மேல் பேடுகளை ஒரு மேடை மாதிரி அழகாக வரிசை வைத்தேன். சாயங்காலம் அப்பா துண்டை உதறிக்கொண்டு வந்து நின்றார். சுவிட்சைப் போட்டேன்.

டப். டப். டப். டப்.

குச்சி இன்னும் என் கையில் இருந்தது. அப்பா குச்சியைப் பார்த்தார், டிரம்மைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஆளே இல்லாம அடிக்குதே. கொண்டாந்தப்பவே இப்படித்தானா, இல்ல நீ பாத்ததுக்கப்பறமா?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கை கழுவப் போனார்.

செவ்வாய் முதல் வெள்ளி வரை அந்தப் பேயோடு குடித்தனம் நடத்தினேன். பெட்டியைத் திறந்தேன். சந்தேகப்பட்டதையெல்லாம் கழற்றினேன். மாற்றிப் போட உதிரி வேண்டி அப்பா செய்தி கேட்கும் ரேடியோவைத் திறந்தேன் (அதன் பிறகு அது செய்தி சொல்லவே இல்லை). சில சமயம் டப் டப் தானாக நிற்கும். அந்த நேரத்தில் நான் எதைத் தொட்டுக்கொண்டிருந்தேனோ அதுதான் கோளாறு என்று நோட்டில் எழுதுவேன். ஐந்து நிமிடத்தில் மறுபடி அடிக்கும். அதையும் எழுதுவேன். கரண்ட் போகும்போது நிற்கும். கரண்ட் போனால் டிரம் எப்படி அடிக்கும் என்று அதை மட்டும் எழுதவில்லை. அவ்வளவு புத்திசாலி நான். கட்டிலில் இருந்தபோது ஒழுங்காகத்தானே இருந்தது என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

புதன்கிழமை அம்மா தறிக்கு நூல் தார் சுற்றுவதை நிறுத்திவிட்டு வந்து என் பக்கத்தில் கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார்.

"ஏஞ்சாமி, இது நம்ம நாலாந்தறியாட்டமே அடிக்குதல்லொ?"

நான் நிமிர்ந்தே பார்க்காமல், "அம்மா, இது எலக்ட்ரானிக்ஸ்" என்றேன். அந்த ஒரு வார்த்தையை அன்றைக்கு நான் சொன்ன தோரணையை இன்றைக்கும் என் தங்கை நடித்துக் காட்டுகிறாள், உதட்டைப் பிதுக்குவது உட்பட.

வெள்ளிக்கிழமை காலை ஆரோக்கியம் அண்ணன் வந்துவிட்டார். அப்பாவும் வந்து நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். தீர்ப்பு நாள். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மூன்றாவது பேட் சரியாகிவிட்டது, ஆனால் பெட்டியின் மூளை கலங்கிவிட்டது, இனிமேல் சிங்கப்பூருக்குத்தான் அனுப்ப வேண்டும் என்று பெரிய டாக்டர் மாதிரி சொன்னேன். பின்னணியில் டிரம் டப் டப் என்று ஒத்து ஊதியது. அண்ணனின் முகம் செத்துப்போனது. ஆனாலும் நான் சொன்னது அவருக்கு முழுசாகக் கேட்கவில்லை போலிருக்கிறது. காதுக்குப் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு கத்தினார்.

"தம்பி, முதல்ல அந்தச் சத்தத்தை நிறுத்தச் சொல்லுங்க."

"எந்தச் சத்தம்?" என்றேன். சத்தியமாகக் கேட்டேன்.

அப்பாவும் தலையைத் திருப்பி, "எந்தச் சத்தமுங்க?" என்றார்.

நான் பிறந்தது முதல் எட்டுத் தறியும், அக்கம்பக்கத்தில் எண்பது தறியும் ஓடிக்கொண்டே இருக்கிற வீடு. தறிச்சத்தம் எங்களுக்கு ஒரு சத்தமே இல்லை. அண்ணன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கையை மேசை மேல் வைத்தார். மேசை நடுங்கிக்கொண்டிருந்தது. சுவரைத் தொட்டார். சுவரும் நடுங்கியது.

அதற்குள் அம்மா யாரையும் கேட்காமல் தறிக்கூடத்துக்குள் போய்விட்டிருந்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, டிரம் சட்டென்று வாயை மூடியது. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"நாலாந்தறிய நிறுத்திப்போட்டேன் சாமி. நின்னுச்சா?"

சுவருக்கு அந்தப் பக்கம் மேசையை ஒட்டி நின்றது நாலாந்தறிதான். நான் கடைசிவரை திருகி மறந்த குமிழ்களால், அது அடித்த ஒவ்வொரு அடியையும் சுவர் வழியாகப் பேடுகள் விசுவாசமாக வாங்கிப் பாடிக்கொண்டிருந்தன. கயிற்றுக் கட்டில்வரை அந்த நடுக்கம் எட்டவில்லை, அதனால்தான் அங்கே ஒழுங்காக இருந்தது. நூல் தீர்ந்து தார் மாற்ற அந்தத் தறி நிற்கும்போதெல்லாம் டிரம்மும் நின்றிருக்கிறது. கரண்ட் போனால் இரண்டும் சேர்ந்து நின்றிருக்கின்றன. நான் அதற்கு நோட்டுப் போட்டு வரலாறு எழுதியிருக்கிறேன். அப்பா வாய்விட்டுச் சிரிக்கவில்லை, நாற்காலிதான் குலுங்கியது.

கழற்றியதையெல்லாம் மறுபடி பொருத்த அன்று சாயங்காலமாகிவிட்டது. குமிழ்களைப் பழைய இடத்துக்குத் திருகி, கட்டிலின் மேல் வைத்துத் தட்டினேன். நான்கும் பேசின. நாலாந்தறி உட்பட எட்டும் ஓடிக்கொண்டிருந்தன.

சனிக்கிழமை அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு சேலத்துக்கு என்னோடு பஸ் ஏறினார். திருவிழா மேடைக்கு எதிரில் முதல் வரிசையில் உட்கார்ந்தோம். ஆரோக்கியம் அண்ணன் மூன்றாவது பேடைத் தட்டும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு ஒரு சுற்றுப் பெருத்தது. ஒரு தடவைகூட அது பிசகவில்லை. பாதிக் கச்சேரியில் அப்பா என் பக்கம் குனிந்து, "அந்த ஓரத்துல மூணாவதுதான் நீ பத்தவெச்சதா?" என்று கேட்டார். ஆமாங்கப்பா என்றேன். அதன் பிறகு அவர் பாட்டுக்குழுவில் வேறு யாரையும் பார்க்கவில்லை.

திரும்பும்போது சங்ககிரி தாண்டியதும் வாயைத் திறந்தார்.

"கடை போடறதுன்னா, தறி இல்லாத தெருவாப் பாத்துப் போடு."

அப்படித்தான் போட்டேன். முப்பது வருடத்துக்கு மேல் ஓடுகிறது. அந்த ரேடியோவையும் சரி செய்துவிட்டேன், அதையும் யாரும் சொல்வதில்லை. ஆனால் எங்கள் குடும்பத்தில் எது ஓடாவிட்டாலும், குக்கர் விசில் அடிக்காவிட்டாலும், "நாலாந்தறிய நிறுத்திப் பாத்தியா?" என்றுதான் கேட்பார்கள். நாலாந்தறி என்றால் மூக்குக்குக் கீழேயே இருந்தும் தெரியாத காரணம் என்று எங்கள் வீட்டு அகராதியில் அர்த்தம்.

என் மகள் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறாள். தறியெல்லாம் விற்ற பிறகு பிறந்தவள். போன மாதம் போனில், மூன்று நாளாக ஒரு கோளாறு பிடிபடாமல் அலைக்கழித்ததாகச் சொன்னாள். "கடைசில பாத்தா நாலாந்தறிதாம்ப்பா" என்றாள். எனக்கு அவ்வளவு பெருமை. ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அவ மூணு நாள்ல கண்டுபுடிச்சுப்போட்டா. உனக்கு அஞ்சு நாள் ஆச்சல்லொ."