கிளட்சில் குடியிருந்த இடது கால்

ஞாயிற்றுக்கிழமை காலையில் மேட்டுச் சாலை நெடுக வண்டிகள் வரிசை கட்டி நின்றன. வேன், லாரி, டாக்சி, எல்லாமும் இருந்தன. ஒன்றுக்கும் பஞ்சர் இல்லை. ஒன்றுக்கும் பிரேக் பழுதில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே நோய். உதறல்.

நின்ற வண்டியை முதல் கியரில் போட்டுக் கிளட்சை விடும்போது, அது கிளம்பாமல் கிடுகிடுவென்று ஆடுகிறதே, அதற்கு மெக்கானிக்குகள் வைத்த பேர் அது. குலுக்கல், ஆட்டம் என்று எதையாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். "வண்டிக்கு உதறல் எடுக்குது" என்று சொல்லிவிட்டார்கள். நம் மக்களுக்கு அது போதாதா? பயந்தவனுக்குத்தானே உதறல் எடுக்கும்! அப்படியானால் வண்டி எதையோ கண்டு பயப்படுகிறது. எதைக் கண்டு?

இதற்குப் பதில் சொல்லவே ஒருவர் மேட்டின் உச்சியில் ஷெட் போட்டு உட்கார்ந்திருந்தார். உதறல் ஐயா. இரண்டு கையிலும் வெள்ளைக் கையுறை. ஆயிரம் கியர்பாக்ஸைக் குணப்படுத்திய கை என்றார்கள். கையுறையில் ஒரு சொட்டு ஆயில் கறை கிடையாது. அதுவே பெரிய அற்புதம்தான்.

ஐயாவின் கண்டுபிடிப்பு இதுதான். உதறுகிற வண்டியெல்லாம் கியர்பாக்ஸ் மாற்றிய வண்டி. மாற்றிய கியர்பாக்ஸெல்லாம் பழைய இரும்புக் கடையிலிருந்து வந்தது. அங்கே வந்து சேர்வதெல்லாம் அடிபட்ட வண்டி. அதை ஓட்டியவன் செத்திருப்பான். ஆள் போய்ச் சேர்ந்தாலும், ஆயுசு முழுக்கக் கிளட்ச் மிதித்த இடது கால் மட்டும் போக மனமில்லாமல் கியர்பாக்ஸுக்குள் தங்கிவிட்டது. நீங்கள் மிதிக்கும்போது அதுவும் மிதிக்கிறது. ஒரு கிளட்ச், இரண்டு கால். வண்டி உதறாமல் என்ன செய்யும்?

வலது கால் ஏன் தங்கவில்லை என்று ஒருத்தரும் கேட்கவில்லை. ஆக்சிலேட்டர் மிதித்துப் பழகிய கால், சீக்கிரமே போய்விட்டது போலும்.

வைத்தியம் சுலபம். டிரைவர் தன் இடது செருப்பைக் கழற்றி ஷெட்டில் விட்டுவிட வேண்டும். செத்தவன் கால் அதை மாட்டிக்கொண்டு இறங்கிவிடும். பின்சுவர் ஓரம் இடது செருப்புகள் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. ஊரில் பாதி டிரைவர்கள் ஒற்றைச் செருப்போடு விந்தி விந்தி நடந்தார்கள். பெட்டியில் காணிக்கை போடுவது அவரவர் விருப்பம். விருப்பம் எவ்வளவு என்று பெட்டிமேலேயே எழுதியிருந்தது.

வரிசையில் ஏழாவதாகக் கல்குவாரிக்கு ஆள் ஏற்றும் வேன் நின்றது. ஓட்டுகிறவன் தம்பி. பின் சீட்டில் அவனுடைய அக்கா. குவாரியில் கல் நிரப்பிய தள்ளுவண்டியை நாள் முழுக்கத் தள்ளுகிறவள்.

வியாழக்கிழமை பதினெட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு குவாரி ஏற்றத்தில் போகும்போது, வளைவில் எதிரே லாரி வந்து வேன் நின்றது. மறுபடி கிளப்பும்போது உதறிச் செத்தது. பின்னாலேயே உருண்டது. பள்ளத்துக்கு இரண்டு முழம் முன்னால் ஒரு பாறாங்கல் பின் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தியது. அந்தக் கல் அங்கே கிடந்திருக்காவிட்டால் இந்தக் கதையில் அக்கா இல்லை. மறுநாள் ஒருத்தியும் வேனில் ஏறவில்லை. "திங்கட்கிழமை ஒழுங்கா ஓடலேன்னா வேற வேன் வச்சுக்குவேன்" என்று மேஸ்திரி சொல்லிவிட்டார்.

"ஏன்டா, மெக்கானிக் என்னதான்டா சொன்னான்?" என்றாள் அக்கா.

"தன் வேலையில குறையே இல்லியாம். இது வேற சமாச்சாரம், ஐயாகிட்ட காட்டுன்னாரு."

"கியர்பாக்ஸ மாட்டுனவன் அவன். மாட்டுன நாள்லேர்ந்துதான் உதறுது. அவன் வேலையில குறையில்லன்னா பின்ன யாரு வேலையில குறை? என் வேலையிலயா?"

"மெதுவாப் பேசுக்கா. காதுல விழுந்தா கோவிச்சுக்கும்."

"யாரு?"

"அதான்... கால்."

"காலுக்கு ஏதுடா காது!"

வரிசை நகர்ந்தது. மேட்டில் நின்ற ஒவ்வொரு வண்டியும் ஒரு வண்டி நீளம் முன்னே நகரும்போது கடகடவென்று உதறியது. "பாத்தியா, ஐயாவக் கண்டதும் அதுக்கு எப்பிடி நடுங்குது!" என்று கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

வேன் ஷெட்டுக்குள் ஏறியது. ஐயா கியர்க்கம்பியின் காதில், அதாவது காது இருக்க வேண்டிய இடத்தில், "இறங்கிப் போடா" என்று மூன்று தடவை சொன்னார். தம்பியின் இடது செருப்பு குவியலில் விழுந்தது. பின்வாசல் கதவு திறந்தது. அந்தப் பக்கம் ஒரே சரிவு.

"பின்னால திரும்பாதே. கண்ணாடியப் பாக்காதே. பிரேக்க விடு. உருளட்டும். அப்புறமா கிளட்ச விடு."

வேன் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு இறங்கியது. உதறல் இல்லை. கூட்டம் கைதட்டியது.

இப்படி இறங்கிய வண்டியெல்லாம் சமதரையில் போய் நின்று கிளம்பும்போது பழையபடி உதறும். அதற்கும் ஐயாவிடம் பதில் இருந்தது: "கண்ணாடியில பின்னால பாத்திருப்பே." எந்த டிரைவர் பார்க்காமல் இருப்பான்? எல்லோரும் குற்றத்தை ஒப்புக்கொண்டு, புதுச் செருப்பு வாங்கிக்கொண்டு மறுபடி வரிசையில் நின்றார்கள்.

"நிறுத்துடா!" என்று கத்தினாள் அக்கா. தம்பி பிரேக்கை மிதித்தான். அவள் இறங்கிச் சரிவை மேலும் கீழும் பார்த்தாள்.

"இந்தப் பள்ளத்துல என் கல்வண்டி கூடத் தானாப் போகும்யா. அதுக்கு என்ஜினே கிடையாது."

பிறகு ஷெட் வாசலில் காத்திருந்த டாக்சிக்காரரைக் கூப்பிட்டாள். "அண்ணே, உங்களுக்கு வைத்தியம் ஆயிடுச்சா?"

"எங்கம்மா? இனிமேதான்."

"செருப்பக் கழட்டாதீங்க. அப்படியே ஷெட்டத் தாண்டி இந்தப் பக்கமா இறங்குங்க."

"வைத்தியம் பாக்காம அந்த வாசலத் தாண்டினா கால் உன் மேல ஏறிக்கும்!" என்று ஐயா அலறினார்.

"ரெண்டு மணி நேரமா நின்னு என் காலே போயிடுச்சு. ஏறட்டும், ஒண்ணு கூட இருந்தா நல்லதுதான்" என்றார் டாக்சிக்காரர். பிரேக்கை விட்டார். டாக்சி உருண்டது. கிளட்சை விட்டார். வெண்ணெய்!

பழக்க தோஷத்தில் ஒருவன் மட்டும் கைதட்டினான். மற்றவர்கள் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இவருக்கு யாரு வைத்தியம் பாத்தது?" என்றாள் அக்கா.

ஐயா சளைக்கவில்லை. "என் நிழல் பட்டாலே குணமாயிடும்மா."

"ஆகா!" என்றது கூட்டம். சும்மாவா?

"சரி. உங்க நிழல்லயே எங்க வேனத் திருப்பி, மேட்டப் பாத்து நிறுத்துறோம். நீங்களே கிளப்புங்க."

"நான் வண்டி தொடறதில்ல. விரதம்."

"எத்தன வருஷமா?" என்று ஒரு லாரிக்காரர் கேட்டார்.

"பொறந்ததுலேர்ந்து."

லாரிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கிளட்சை ஒரு நாளும் மிதிக்காத காலிடம்தான் இத்தனை நாளும் கிளட்சுக்கு வைத்தியம் பார்த்திருக்கிறார்கள்.

"அப்ப பக்கத்துல உக்காருங்க. நிழல் நல்லாப் படட்டும்" என்று அக்கா அவரை முன் சீட்டில் ஏற்றிக் கதவைச் சாத்தினாள். தம்பி வேனை மேடு பார்த்துத் திருப்பி நிறுத்தினான். முதல் கியர். கிளட்சை விட்டான்.

கடகடகடவென்று வேன் உதறியது. கதவுகள் உதறின. ஐயாவின் தாடை உதறியது. வெள்ளைக் கையுறைகள் முன்பலகையை இறுகப் பற்றிக்கொண்டன. வேன் செத்து நின்றது.

"இந்தப் பொம்பள சந்தேகப்பட்டா! அதான் திரும்பி வந்திடுச்சு!"

"நான் டாக்சியையுந்தான் சந்தேகப்பட்டேன். அது ஏன் உதறல?"

ஐயா கதவைத் திறந்து இறங்கிக்கொண்டார்.

வரிசையின் கடைசியில் யாரோ நழுவப் பார்த்தார்கள். கியர்பாக்ஸ் மாட்டிய மெக்கானிக்தான். இன்னொரு வாடிக்கையாளரை ஐயாவிடம் காட்ட அழைத்து வந்திருந்தான். லாரிக்காரர்கள் தோளில் கை போட்டுத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். இரண்டு ஜாக்கி, ஐந்து ஆள், ஒரு பொழுது. கியர்பாக்ஸ் இறங்கியது. கிளட்ச் பிளேட்டை உருவினார்கள்.

அடுப்புச் சட்டியைப் போலக் காய்ந்திருக்க வேண்டிய பிளேட், தலைக்கு எண்ணெய் வைத்தது மாதிரி மினுமினுத்தது. அக்கா அதை விரலால் வழித்துக் கூட்டத்துக்குக் காட்டினாள்.

"இந்தா, செத்தவன் கால். கிரீஸ்."

மெக்கானிக் தலையைச் சொறிந்தான். "பிளேட் உக்கார்ற தண்டுல கொஞ்சம் தாராளமா அப்பிட்டேன்க்கா. சூட்டுல உருகித் தெறிச்சிருக்கு. அதான் பிடிச்சுப் பிடிச்சு விடுது."

"மொத நாளே தெரியுமா?"

"தெரியும். மறுபடி இறக்கணும்னா ஒரு நாள் வேலைக்கா. முதுகு போயிடும். ஐயாகிட்ட அனுப்புனா..."

"உன் முதுகுக்காக எங்க பதினெட்டுப் பேர் கழுத்தாடா?"

அவன் தன் கடையிலிருந்து புதுப் பிளேட் கொண்டுவந்து, பிளேட் உரசுகிற ஃபிளைவீல் சக்கரத்தைத் துடைத்து, சாயங்காலத்துக்குள் தன் கையாலேயே மாட்டினான். இதற்கிடையில் ஐயாவைக் காணோம். கூட்டம் செருப்புக் குவியலில் விழுந்து அடித்துக்கொண்டிருந்தது. எல்லாமே இடது, எல்லாமே கறுப்பு. யாருடையது எது என்று கண்டுபிடிக்க எந்த ஐயாவாலும் முடியாது.

திங்கட்கிழமை காலை அதே பதினெட்டுப் பேர் முனகிக்கொண்டே வேனில் ஏறினார்கள். வளைவு வந்ததும், "இங்க நிறுத்து" என்றாள் அக்கா. வேன் நின்றது. பின்னால் பள்ளம். எல்லோரும் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். தம்பியின் நெற்றியில் வியர்வை. முதல் கியர். கிளட்சை விட்டான். வேன் ஒரு குலுக்கல் இல்லாமல் மேடேறியது.

"எல்லாம் சரி. அந்தக் கால் இப்ப எங்க போயிருக்கும்?" என்று ஒருத்தி மெல்லக் கேட்டாள்.

"காலியா இருக்குற மண்டை எதுன்னு தேடிக்கிட்டிருக்கும். நீ தலைய உள்ள வச்சுக்க" என்றாள் அக்கா.

அப்படிக் கேட்டவளைச் சொல்லிக் குற்றமில்லை. ஐயா இரண்டு ஊர் தள்ளி வேறொரு மேட்டில் ஷெட் போட்டிருப்பதாகக் கேள்வி. அங்கேயும் வரிசை நிற்கிறதாம். கியர்பாக்ஸை இறக்க ஜாக்கி வேண்டும், ஐந்து ஆள் வேண்டும், ஒரு பொழுது வேண்டும். "ஏன்?" என்று கேட்க ஒரு வாய் போதும். நம்மிடம் அது இருக்கிறது, ஆவென்று பிளந்துதான் வைத்திருக்கிறோம். திறந்தது திறந்தபடியே அந்த ஒரு வார்த்தையையும் கேட்டுவிடுங்களேன்!