கவலை நேரம்: நாலரை முதல் ஐந்து வரை

கெடா மாநிலத்திலேயே ஒழுங்காகக் கவலைப்படத் தெரிந்த ஒரே ஆள் நாலரை அண்ணன்தான். நாமெல்லாம் பல் விளக்கும்போது கொஞ்சம், சாப்பிடும்போது கொஞ்சம், மோட்டார் ஓட்டும்போது கொஞ்சம் என்று கவலையை வழியெல்லாம் சிந்திக்கொண்டு திரிகிறவர்கள். அவர் அப்படியில்லை. தினமும் மாலை நாலரைக்கு உட்காருவார், ஐந்துக்கு எழுந்துவிடுவார். ஒரு குடும்பம் ஒரு வாரம் உட்கார்ந்து படவேண்டிய கவலையை அந்த அரை மணி நேரத்தில் ஒற்றை ஆளாகப் பட்டு முடித்துவிடுவார். மிச்சம் வைத்து நான் பார்த்ததில்லை.

நான் நேர் எதிர். படிவம் இரண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கையுறைத் தொழிற்சாலை, கார் கழுவும் கடை, கோழிப் பண்ணை என்று பதினான்கு வேலை பார்த்தேன். எந்த முதலாளியும் என்னை வேலையை விட்டு நிறுத்தியதில்லை. சின்னதாக ஒரு சிக்கல் தலைகாட்டினாலே பையைத் தூக்கிக்கொண்டு நானே கிளம்பிவிடுவேன். கோத்தா கோலா மூடாவில் மீன் இறக்கிக்கொண்டிருந்தபோது தங்கியிருந்த அறையின் கூரை காற்றில் போய்விட்டது. கூரையைத் தேடாமல் பஸ்ஸைத் தேடினேன். அந்த பஸ் கோலா கெத்திலில் நின்றது. அங்கே முப்பத்தெட்டு வயதில் செம்பனைக் குலை ஏற்றும் லோரிக்குக் கெலிண்டான் ஆனேன். டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து போய், கயிறு கட்டி, வண்டி பின்னால் வரும்போது “கோஸ்தான், கோஸ்தான்” என்று தொண்டை கிழியக் கத்துகிற உத்தியோகம்.

அந்த லோரியின் டிரைவர்தான் நாலரை அண்ணன். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று லைசென்ஸில் இருந்தது. அதை யாரும் படித்ததில்லை.

வண்டித் தலைக்குப் பின்னால் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியைக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருப்பார். நாலரைக்கு அவர் கைப்பேசியில் சேவல் கூவும். வண்டி எங்கே இருந்தாலும் சரி, ஓரங்கட்டுவார், நாற்காலியை இறக்குவார், உட்காருவார். தொடையைத் தேய்த்துக்கொள்வார். தலையில் அடித்துக்கொள்வார். சில நாள் இரண்டு சொட்டுக் கண்ணீரும் உண்டு. ஐந்துக்கு மறுபடி சேவல் கூவினால் மூக்கைச் சிந்திவிட்டு, “வாலா, தே குடிக்கலாம்” என்று கல்யாண வீட்டுக்குப் போகிறவர் மாதிரி தேநீர்க் கடைக்கு நடப்பார்.

மற்ற நேரத்தில் அவரிடம் கவலை செல்லாது. ஒருமுறை காலை பதினோரு மணிக்கு, கொட்டுகிற மழையில், தோட்டத்து மண் சாலையில் டயர் வெடித்தது.

“அண்ணே! டயரு போச்சு! ஆலைக்கு எப்படிண்ணே போறது?”

“டயரு போனா மாத்தணும். ஜாக்க எடு.”

“சேறுண்ணே, ஜாக்கு நிக்காது!”

“அது நாலரை மணி சமாச்சாரம். இப்ப பலகைய எடு.”

பலகை போட்டு, ஜாக்கி வைத்து, டயரை மாற்றி, குலைகளை ஆலையில் கொட்டியும் ஆயிற்று. நாலரைக்கு நாற்காலியில் உட்கார்ந்து, “ஐயோ, டயரு போச்சே” என்று முறைப்படி தலையில் அடித்துக்கொண்டார். கணக்கில் விட்டுப்போகக் கூடாதாம்.

இன்னொரு நாள் பக்கத்தில் நின்று காது கொடுத்தேன். அன்றைக்கு அவர் வீட்டுக்குப் பின்னால் இருந்த தென்னைமரத்தின் முறை. அது அடுத்த வீட்டுப் பக்கம் சாய்ந்திருந்தது. “அது விழுந்தா? விழுறப்ப அவன் மாமியா அங்க நின்னா?” என்று முனகினார். தொடையை இரண்டு முறை தேய்த்துக்கொண்டார். பிறகு இன்னும் கவலையாக, “நிக்காட்டி?” என்றார்.

ஆலை வாசலில் எடை போட லோரிகள் வரிசையாக நிற்கும். நாலரைக்கு எங்கள் வண்டி நடுவில் மாட்டினால் பின்னால் உள்ள பத்து லோரியும் அரை மணி நேரம் அசையாது. ஹார்ன் அடித்துப் பார்த்தார்கள், அவர் பரம்பரையையே திட்டிப் பார்த்தார்கள். கடைசியில் அவர்களே நாற்காலி முன்னால் வரிசை கட்டிவிட்டார்கள்.

“அண்ணே, என் மச்சான் பய மூணு மாசமா என் வீட்டுலயே சாப்ட்டு சாப்ட்டு தூங்குறான். அதையும் கொஞ்சம் சேத்துப் பட்டுருங்கண்ணே.”

“எத்தன நிமிஷம்?”

“ரெண்டு போதும்.”

“இன்னிக்கு ஃபுல்லு லா. நாளையிலேர்ந்து போட்டுக்கிறேன்.”

இப்படிப்பட்ட மனிதருக்குத்தான் இரத்த அழுத்தம் நூற்றெண்பது என்று அரசாங்கக் கிளினிக்கில் எழுதிக் கொடுத்தார்கள். டிரைவர்கள் எல்லாரும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பது எங்கள் லோரி முதலாளி தவுக்கேயின் புது உத்தரவு. கூட்டம் தாங்காத நாள் அது. காலையில் வாங்கிய நம்பரைச் சாயங்காலம்தான் கூப்பிட்டார்கள். தாளைப் பார்த்த தவுக்கே ஒரு மாதத் தவணை கொடுத்தார். அதற்குள் நூற்று நாற்பதுக்குக் கீழே வராவிட்டால் ஸ்டீரிங் வேறொருவருக்கு, அண்ணனுக்கு ஆலை முற்றத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் வேலை.

முப்பது வருடம் லோரி ஓட்டியவர். வீட்டுச் சமையலறைக்கு நடந்து போகும்போதுகூட வளைவில் கையைத் திருப்புகிறவர். “அண்ணே, இப்ப என்ன செய்யறது?” என்றேன்.

“மணி என்ன?”

“பத்து.”

“அப்ப எதுக்கு இப்ப கேக்குற?”

தவுக்கே அவரை மன உளைச்சல் குறைக்கும் வகுப்புக்கு அனுப்பினார். துணைக்கு நானும் போனேன். கழுத்துப் பட்டை கட்டிய ஒருவர் வந்து எல்லாரையும் கண்ணை மூடச் சொன்னார். “நீங்க இப்ப கடற்கரையில இருக்கீங்க. மெதுவா அலை வருது. என்ன தோணுது?” என்றார். எனக்குக் கோத்தா கோலா மூடாவில் பறந்த கூரை தோன்றியது. அடுத்து ஆளுக்கொரு பலூன் கொடுத்தார். உங்கள் உளைச்சலை அதில் எழுதி உடையுங்கள் என்றார். மண்டபம் முழுக்க வெடிச் சத்தம். முன்வரிசையில் ஓர் அம்மாவுக்கு மயக்கமே வந்துவிட்டது. அண்ணன் மட்டும் பலூனை மடியில் வைத்துக்கொண்டு கையைத் தூக்கினார்.

“சார், மணி பத்தரைதான் ஆவுது. இப்ப எனக்கு ஒன்னும் கெடையாது. நாலரைக்கு வர முடியுங்களா?”

“நாலரைக்கு நான் பினாங்குல இருப்பேனே ஐயா.”

“பாருங்க, உங்களுக்குத்தான் அலைச்சல்,” என்று ஆறுதல் சொன்னார்.

தவணை முடிய இரண்டு நாள் இருந்தபோது நான் அவர் மனைவி சரசக்காவிடம் ஓடினேன். அக்கா முழங்காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

“அக்கா, அந்த நாற்காலிய உடைச்சிப் போட்டுருங்கக்கா. அது வந்துதான் மனுஷன் இப்படி ஆயிட்டாரு.”

“அடப்பாவி, அத வாங்கிக் குடுத்ததே நான்தான்டா,” என்றார் அக்கா. “கம்பெனிக்காரனுங்க தோட்டத்த வித்து எங்க வீட்ட இடிச்சானுங்கள்ல, அந்த வருஷம் எந்நேரமும் யோசன. சோத்துல கை வச்சா யோசன, ஸ்டீரிங்ல கை வச்சா யோசன. ஒரு நாளு லோரிய நேரா கால்வாய்ல எறக்கிட்டாரு. பக்கத்து சீட்டுல நானு. இந்தக் காலு அப்ப போனதுதான். ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்து பசார்ல ஒரு நாற்காலி வாங்குனேன். இந்தா, அரை மணி நேரம் இதுல ஒக்காந்து எவ்ளோ வேணும்னாலும் கவலப்படு, மத்த நேரம் எனக்குப் புருஷனா இருன்னேன். அன்னிலேர்ந்து வண்டி கோணல்மாணலா போனதில்ல.”

தடவிய கை திடீரென்று நின்றது. “ஆமா, அன்னிக்கு கிளினிக்ல எத்தன மணிக்கு பட்டைய கட்டுனாங்க?”

யோசித்தேன். தாதி பட்டையைச் சுற்றும்போது சேவல் கூவியது. அண்ணன் அங்கேயே தொடையைத் தேய்க்க ஆரம்பித்ததும் ஞாபகம் வந்தது.

“நாலரைக்கா? அட கூறுகெட்டவங்களா!” என்று எண்ணெய்ப் புட்டியை என்மேல் எறிந்தார். குறி தப்பவில்லை.

இரண்டாம் பரிசோதனைக்குக் கதவு திறக்கும் முன்பே போய் நின்றோம். என்ன செய்ய? டாக்டர் கூட்டத்துக்குப் போனார், கம்ப்யூட்டர் படுத்தது, அது எழுந்ததும் சாப்பாட்டு நேரம் வந்தது. எங்கள் நம்பரைக் கூப்பிட்டபோது மணி நாலு இருபத்தைந்து. தப்பித்தோம் என்று நான் அண்ணனை உள்ளே தள்ளாத குறையாக அனுப்பினேன். தாதி சிரித்த முகமாக, “ஐயா, ஒரு அஞ்சு நிமிஷம் பேசாம அமைதியா ஒக்காருங்க. அப்புறம் எடுக்கிறேன்,” என்றார்.

“மிஸ்ஸி, இப்பவே எடுத்துருங்க மிஸ்ஸி,” என்று கெஞ்சினேன்.

“உங்களுக்கும் எடுக்கணும் போல இருக்கே,” என்றார் அவர்.

அண்ணன் எழுந்தார். “நாற்காலி வண்டியில இருக்கு. போய்ட்டு வந்துர்றேன்.”

“அண்ணே, இன்னிக்கு ஒரு நாள் விட்டுருங்க. ஸ்டீரிங் போயிரும்ணே!”

“விட முடியாதுலா. நான் போய் ஒக்காரலன்னா கவல என்னைத் தேடிக்கிட்டு வண்டிக்குள்ள வந்துரும். மறுபடியும் கால்வாய்தான்.” குரலில் விளையாட்டு இல்லை.

“அப்ப உங்களுக்குப் பதிலா நான் ஒக்கார்றேன்.”

தலை முதல் கால் வரை பார்த்தார். “உனக்குக் கவலப்படத் தெரியுமா? ஒன்னு வந்தா பையத் தூக்குற ஆளு நீ.”

“சொல்லுங்கண்ணே, பட்டுக்கிறேன்.”

சேவல் கூவ இரண்டு நிமிடம்தான் இருந்தது. விரல்விட்டு மடமடவென்று சொன்னார். “அக்கா முழங்காலு பத்து நிமிஷம். ஸ்டீரிங் பத்து. ஆலையில அவன் மச்சான் கேஸு ரெண்டு. தென்னமரம் மூனு. அப்புறம்...” நிறுத்தினார்.

“இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கேண்ணே. அது யாரு?”

“நீதான்.”

“நானா?”

“ரெண்டு வருஷமாப் படுறேன். இன்னிக்கு இருக்கான், நாளைக்கு எந்த பஸ்ஸுல ஏறுவானோ, அங்க சோறு கெடைக்குமோ, யாரு இருக்காங்களோன்னு. அஞ்சு நிமிஷம். கொறைக்காத. ஓடு!”

லோரி நிறுத்திய இடத்தில் நாற்காலியை இறக்கி உட்கார்ந்தேன். அரை மணி நேரம் என்பது இவ்வளவு நீளம் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. முழங்கால் சுலபமாகப் போயிற்று, எண்ணெய்ப் புட்டி பட்ட இடம் இன்னும் வலித்தது. ஸ்டீரிங்குக்கு நிஜமாகவே அழுதேன், கார் நிறுத்த வந்த ஒரு பாட்டி எனக்கு மிட்டாய் கொடுத்துவிட்டுப் போனார். என்னுடைய ஐந்து நிமிடம்தான் சிரமமாக இருந்தது. இரண்டு முறை எழுந்துவிட்டேன். இரண்டு முறையும் திரும்பி உட்கார்ந்தேன்.

ஐந்துக்கு அண்ணன் தாளை ஆட்டிக்கொண்டு வந்தார். நூற்று முப்பத்து நாலு.

“எல்லாத்தையும் பட்டு முடிச்சியா?”

“தென்னமரத்துக்கு நேரம் பத்தலண்ணே.”

“பரவால்ல. நாளைக்கு ஆறு நிமிஷமாப் போட்டுக்கலாம். வாலா, தே குடிக்கலாம்.”

அதற்குப் பிறகு ஒரு வருடம் அங்கே இருந்தேன். கால் சும்மா இருக்கவில்லை, கிளம்பினேன். ஆனால் என் வாழ்க்கையில் சொல்லிக்கொண்டு கிளம்பிய வேலை அது ஒன்றுதான். “போய்ட்டு வா. உன் அஞ்சு நிமிஷத்துக்கு எத்தனையோ பேரு கேப்பானுங்க. குடுக்கமாட்டேன்,” என்றார் அண்ணன்.

இப்போது அலோர் ஸ்டாரில் மேசை நாற்காலி விற்கும் கடையில் சாமான் தூக்குகிறேன். தங்கியிருக்கும் அறையின் கூரை கொஞ்சம் ஒழுகுகிறது. நாலரை ஆனால் தூக்குவதை இறக்கி வைத்துவிட்டு எதிர்க்கடையில் ஒரு தே சொல்லி உட்காருவேன். என்னைப் பற்றி அந்த நேரத்தில் நான் கவலைப்படுவதில்லை. கோலா கெத்தில் பக்கம் அதற்கு ஆள் உட்கார்ந்திருக்கிறார்.