தண்டுவட ஆராய்ச்சியில் அடியேனின் பங்கு

அன்பிலும் அதட்டலிலும் குறை வைக்காத தங்கைக்கு,

உன் அண்ணன் எழுதுவது. நான் நலம். என்னை வைத்துச் சமாளிக்கும் உன் மகளும் நலம். இனி வரும் கதையை ஒருவரும் நம்பப்போவதில்லை என்று சத்தியம் செய்தே தொடங்குகிறேன்.

உன் மகளின் ஆய்வுக்கூடத்துக்குப் போயிருந்தேன். மேசைமேல் வெளி மின்சார இரைச்சலைத் தடுக்கும் கம்பிவலைக் கூண்டு. உள்ளே உப்புநீரில், எலிக்குஞ்சின் தண்டுவடத்தில் ஒரு துணுக்கு. "தசைக்குக் கட்டளை கொண்டுபோற நரம்பு இருக்குல்ல மாமா, அதோட ஒரு கிளை பக்கத்துல இருக்கிற குட்டி செல்லுக்கும் சேதி சொல்லும். அது உடனே 'போதும், அடங்கு'ன்னு அந்த நரம்பையே அடக்கிடும்" என்றாள். நான் வாயைத் திறந்ததும் நீ முறைப்பாயே, அதே ஏற்பாடு! எலிக்குள்ளும் ஒரு தங்கையை வைத்த இயற்கையை என்னவென்று புகழ்வேன்!

அந்தக் குட்டி செல்லின் துடிப்பை மாலைக்குள் பிடிக்காவிட்டால், துடிப்பைப் பதியும் கருவி வேறு குழுவுக்குப் போய்விடும் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். திரையிலோ ஒரே மின்சார இரைச்சல். விளக்கை அணைத்தாள், விசிறியை நிறுத்தினாள், பக்கத்து அறைக் குளிர்பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள், இரைச்சல் அசையவில்லை, நான் சும்மா கூண்டில் கை வைத்தேன், அண்டமே அடங்கியது, கையை எடுத்தேன், மறுபடி இரைந்தது.

"மாமா, அசையாதீங்க!"

"மூக்கு அரிக்குதும்மா."

"அரிக்கட்டும்!"

சிலையாக நின்றேன். என் தலையில் குருவி கூடு கட்டிப் பேரன் பேத்தி எடுத்தது. அவள் நரம்பைத் தூண்டினாள். குட்டி செல் படபடவென்று பொரிந்தது! பேராசிரியர் ஓடிவந்து என் காலில் விழுந்தார். கட்டடத்துக்கே என் பெயரை வைக்கிறேன் என்றார். பெருந்தன்மையோடு மறுத்துவிட்டேன்.

உன் வீட்டுக்காரருக்கு, அவர் வேண்டாம் என்றாலும், என் ஆசிகள்.

இப்படிக்கு,
உலகின் முதல் நடமாடும் எர்த் கம்பி,
உன் அண்ணன்.

பி.கு.: இதைப் படித்துவிட்டு உன் மகள், "உங்கள யாரு மாமா உள்ள விட்டா?" என்கிறாள். வாஸ்தவம். நான் வெளியே நடைவழி நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தேன். மேசைக்கடியில் தவழ்ந்து, கூண்டிலிருந்து கழன்றிருந்த எர்த் கம்பியைக் கண்டுபிடித்தவள் அவள். பேராசிரியர், கருவி இங்கேயே இருக்கட்டும் என்று தலையாட்டியதோடு சரி. ஆனால் ஒன்று மட்டும் நிஜம். கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து, என் சட்டையைப் பிடித்து உலுக்கி, "மாமா, அது பதில் சொல்லிடுச்சு!" என்று கத்தினாள்.